போயிட்டு வாங்க

எங்கள் வார்டில் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களிடம் "போயிட்டு வாங்க" என்று சொல்ல மாட்டோம். ஆஸ்பத்திரிக்கு எதற்குத் திரும்பி வர வேண்டும்? "போங்க, இந்தப் பக்கமே வராதீங்க" என்போம். சிரித்துக்கொண்டே போவார்கள்.

நேற்று காணை கிராமத்துக்காரர் ஒருவர், "நாளைக்கு வூட்டுக்குப் போறேன் சிஸ்டர்" என்றார். அவரிடமும் அதையே சொன்னேன்.

இன்று விடியற்காலையில் போய்விட்டார். கண்களை நான்தான் மூடினேன். கை கழுவினேன். அடுத்த கட்டிலுக்கு மாத்திரை கொடுத்தேன்.

டூட்டி முடிந்து விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட் அக்கா வழியெல்லாம் மல்லாட்டை உரித்துக் கடலையைக் கொடுத்தார். திண்டிவனத்தில் இறங்கும்போது, "போயிட்டு வர்றேம்மா" என்றார்.

"வராதீங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. பஸ் கிளம்பிவிட்டது.

திண்டிவனத்தில் அவரைத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லிவிடுங்கள். எங்கள் வார்டில் அது வாழ்த்து.