சமமாகத் தைத்தவள்

அமரவிளையில் நெடுஞ்சாலையை ஒட்டி ரெஜிலா ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். வயது முப்பத்தொன்பது. பாறசாலையிலிருந்தும் காட்டாக்கடையிலிருந்தும் பெண்கள் பஸ் ஏறி அவளைத் தேடி வருவார்கள். அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டால் உடம்பின் கோணல் தெரியாது என்பது ஊர்ப் பேச்சு. இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருக்கிற மனுஷியை அவள் இதுவரை அளந்ததில்லை. ஒருத்திக்குத் தோள் இறங்கியிருக்கும், இன்னொருத்திக்கு இடுப்பு ஏறியிருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது அந்தத் தொழிலின் மரியாதை. அளவு நோட்டில் இறங்கின பக்கத்துக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். வெட்டும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் கூடும், தோளுக்குள்ளே ஒரு துண்டுத் துணி போகும், அவ்வளவுதான். வந்தவள் கண்ணாடியைப் பார்த்துப் பூரித்துப்போய் வீடு திரும்புவாள். இதெல்லாம் யாருக்கும் கேடில்லாத பொய் என்று ரெஜிலா நினைத்திருந்தாள்.

மகள் அபிஷாவின் யூனிஃபார்மையும் அப்படித்தான் தைத்தாள். ஆறாம் வகுப்பில் இடது தோளுக்குக் கால் இஞ்ச் கூட்டினாள், ஏழில் அரை, எட்டில் முக்கால். பிள்ளை ஸ்கூல் பையை ஒரே தோளில் தொங்கவிடுகிறது, அதனால்தான் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம். கை எல்லாவற்றையும் கவனித்தது. மூளைதான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

தனுவச்சபுரத்துப் பள்ளியில் அபிஷா த்ரோபால் டீமில் சேர்ந்தாள். டீமுக்கெல்லாம் ரெடிமேட் டீ-ஷர்ட் கொடுத்தார்கள். அம்மா தைக்காத உடுப்பைப் போட்டுக்கொண்டு அவள் பள்ளியில் நின்றது அன்றுதான். பந்தை எடுக்கக் குனிந்தவளின் முதுகில் வலது பக்கம் மட்டும் மேடாகப் புடைத்து நின்றது. பி.டி. டீச்சர் லேகா அதைப் பார்த்துவிட்டு, விளையாட்டை நிறுத்தி, அந்த நிமிஷமே வீட்டுக்கு போன் செய்தாள்.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது, இருபத்தேழு டிகிரி. ஸ்கோலியோசிஸ் என்றார் டாக்டர். பை தூக்கினதால் வருவதில்லையாம். வளர்கிற வயதில், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு, காரணம் தெரியாமலே வருமாம். வளர்ச்சி நிற்கிறவரை வளைவை ஏறவிடாமல் பிடித்து நிறுத்த வேண்டும். நாற்பதைத் தாண்டிப் போனால் ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டிவரும். இவ்வளவும் சொல்லிவிட்டு, சாதாரணமாக உடுப்பு ஒரு பக்கமாகத் தொங்குவதைப் பார்த்தே வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்களே என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். ரெஜிலாவின் புருஷன் சானு டைல்ஸ் பதிக்கிற வேலைக்காரன், துணியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? ரெஜிலாவுக்குத் தெரியும். அவள் மேஜை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கொடுத்தது கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த பிரேஸ், அக்குளிலிருந்து இடுப்பு வரை முதுகை இறுக்கிப் பிடிக்கிற கவசம். அபிஷா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வாரம் போட்டாள். வியர்த்து, தடித்து, பெஞ்சில் உட்கார முடியாமல், பிறகு தினமும் பள்ளியில் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். ஐந்து மாதம் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த எக்ஸ்ரேயில் முப்பத்தொன்று வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

அப்போது டாக்டர் வேறு வழி சொன்னார். துணியில் செய்த மெல்லிய பிரேஸ் ஒன்று உண்டு. குட்டைச் சட்டை, தொடைவரை ஒரு நிக்கர், இரண்டையும் இணைத்து உடம்பைச் சுற்றி இழுத்துப் பிடிக்கிற எலாஸ்டிக் வார்கள். கெட்டிப் பிரேஸ் அளவுக்கு இதற்கு உறுதி சொல்ல முடியாது, ஆனால் பைக்குள் கிடக்கிற பிரேஸைவிட உடம்பில் கிடக்கிற பிரேஸ் மேல் என்றார்.

அளவெடுத்து அதைச் செய்து தந்தவன் பிபின், நெய்யாற்றின்கரைக்காரன். வார்களை ஒவ்வொன்றாக மாட்டிக் காண்பித்தான். சட்டை ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றது. ரெஜிலாவின் கை தானாகவே அதை நீவிவிடப் போனது.

"சேச்சி, இது கோணலாத்தான் இருக்கும்," என்றான் பிபின். "நேராக்கப்படாது, கேட்டியளா? பிள்ளையை மறுபக்கம் திருப்புறதுக்காக்கும் இந்த இழுப்பு."

"செரி மக்கா," என்றாள் ரெஜிலா.

அபிஷாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "இது கொள்ளாம்மா. பெஞ்சில இருந்தா குத்தல்ல," என்றாள். தினமும் காலையில் குளித்து வந்ததும் ரெஜிலாதான் வார்களை மாட்டிவிடுவாள். மூன்று மாதம் கழித்து மே மாதம் எடுத்த எக்ஸ்ரேயிலும் அதே முப்பத்தொன்று. ஏறவில்லை. டாக்டர் சிரித்ததை ரெஜிலா அன்றுதான் பார்த்தாள். திரும்பி வரும் வழியில் சானு மூவருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான்.

அந்த மாதக் கடைசியில் சபையில் பிள்ளைகளை முழு அங்கத்தினராக்குகிற திடப்படுத்தல் ஆராதனை. பிஷப் வருவார். பதினொரு பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாகப் போய் முழங்கால் போட வேண்டும். பதினொன்றில் எட்டு உடுப்பு ரெஜிலாவின் தையல். தன் மகளின் உடுப்பைப் போட்டுப் பார்த்தாள். உள்ளே இருக்கிற பிரேஸ் இழுத்ததில் வெள்ளைத் துணி இடுப்பில் சுருங்கி, ஒரு பக்கம் மேலேறி நின்றது. எத்தனை பிரித்துத் தைத்தும் சரியாகவில்லை. எட்டில் ஒன்று கோணல், அதுவும் தையல்காரியின் சொந்த மகளுடையது.

அன்று மத்தியானம் அபிஷா குளிக்கப் போயிருந்தாள். ரெஜிலா பிரேஸின் பின்பக்கத்தில் வாரைப் பிடித்திருந்த பட்டையைப் பிரித்து, ஒன்றரை இஞ்ச் நடுவுக்கு நகர்த்தித் தைத்தாள். பத்து நிமிஷ வேலை. வெள்ளை உடுப்பு தண்ணீர் ஊற்றினாற்போல் வழுக்கி இறங்கியது. ஆராதனை முடிந்ததும் சபைப் பெண்கள் சுற்றி நின்று மகளையும் பார்த்தார்கள், தையலையும் பார்த்தார்கள். ரெஜிலாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை பழையபடி தைத்துவிடலாம் என்றிருந்தாள். திங்கட்கிழமை நாற்பது யூனிஃபார்ம் வந்து குவிந்தது. பிறகு ஸ்கூல் திறந்தது. இது சாக்குதான். நேராக நிற்கிற மகளைப் பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது, அதுதான் உண்மை. ஒன்றரை இஞ்ச் துணியில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தாள். ஒன்றரை இஞ்சில் என்னவெல்லாம் வரும் என்பதை வைத்துத்தான் அவள் பிழைக்கிறாள்.

ஆகஸ்ட் எக்ஸ்ரேயில் முப்பத்தாறு.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அபிஷாவைப் பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம் போட்டாய், உண்மையைச் சொல் என்றார்.

"கழத்தவே இல்ல சாரே. உறங்கும்போகூட போட்டிருந்தேன்."

டாக்டர் நம்பவில்லை. சானுவும் நம்பவில்லை. "பொய் சொல்லாத மக்கா. முன்னயும் நீ கழத்திப் பையில வச்சவதானே," என்றான். அபிஷா அப்பாவைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. பிள்ளை ஒத்துழைக்கவில்லையென்றால் துணிப் பிரேஸால் பிரயோஜனமில்லை, நிறுத்திவிடலாம் என்று டாக்டர் எழுதத் தொடங்கினார்.

ரெஜிலா பேசாமல் இருந்திருக்கலாம். பழி ஏற்கெனவே ஒரு தலையில் பொருத்தமாகப் போய் உட்கார்ந்துவிட்டது.

"பிள்ளை கழத்தல்ல சாரே," என்றாள். "நானாக்கும் அதைப் பிரிச்சு மாத்தித் தெச்சேன்."

பிபினை வரவழைத்தார்கள். அவன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சொல்லியிராவிட்டால் தனக்கே தெரிந்திருக்காது, அவ்வளவு சுத்தமான தையல் என்றான். பாராட்டு அன்றைக்கு ஊசியாகக் குத்தியது. ஐந்து டிகிரியில் தையலால் எத்தனை, வளர்ச்சியால் எத்தனை என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது என்றார் டாக்டர். இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம், அதற்குமேல் ஏறினால் மறுபடியும் கெட்டிப் பிரேஸ்தான், அதிலும் நிற்காவிட்டால் ஆபரேஷன். பிபின் பட்டையைப் பழைய இடத்தில் தைத்து, அபிஷாவை உள்ளே கூட்டிப்போய் மாட்டிவிட்டான். அரைமணி நேரம் ஆயிற்று.

சானு மருந்துக் கடைக்குப் போயிருந்தான். அம்மாவும் மகளும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். அபிஷாவின் சட்டை ஒரு பக்கம் மேலேறி நின்றது.

"நேராக்கித் தான்னு நான் கேட்டேனாம்மா?"

"இல்ல மக்கா."

"என் கிளாஸில எல்லாருக்கும் தெரியும். சபையிலயும் தெரியும். எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. உனக்காக்கும் வெக்கம், இல்லியா?"

உன் நல்லதுக்குத்தான் என்று சொல்ல ரெஜிலா வாயெடுத்தாள். வரவில்லை.

"ஆமா மக்கா," என்றாள். "எனக்குத்தான்."

அபிஷா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். கோபமாகக்கூடத் தெரியவில்லை.

"மாட்டுறதுக்கு பிபின் சேட்டன் எனக்குப் படிப்பிச்சுத் தந்தாரு," என்றாள். "இனி நானே போட்டுக்கிடுவேன். நீ தொடண்டாம்."

"செரி மக்கா."

நெய்யாற்றின்கரை பஸ் வந்து நின்றது. சானு மருந்துக் கடையிலிருந்து ஓடி வந்தான். மகள் யார் கையையும் பிடிக்காமல் முதலில் ஏறினாள்.