ஒன்பது இருபதுக்குப் பூட்டும் அறை

முதல் கணினியில் ஒரு மின்நூலைத் திறந்து, நாலு பக்கம் தள்ளி, மூடிவிட்டு இரண்டாவதற்குப் போகிறார் இருதயமேரி. இப்படிப் பதினொரு கணினிகள். உட்காருவதே இல்லை. வாங்கி மூன்று வருடமாகியும் அங்கிருக்கும் நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறை கிழியவில்லை. ஒன்பது மணிக்குத் தொடங்கினால் ஒன்பது இருபதுக்கு மின்நூல் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்.

“தொறந்து வச்சா தூசு. பசங்க வேற கேம் ஆடிக்கினு குந்தியிருப்பானுங்க.”

திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றில் நூலகர். வீடு விழுப்புரத்தில், எங்கள் எதிர்வீடு. ரயிலில் இடம் கிடைத்தாலும் கதவோரம் நின்றுதான் வருவார். நாற்பத்தெட்டு வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறார். தலைப்பு: இந்த வட்டாரக் கல்லூரி நூலகங்களில் மின்நூல் வழங்கலும் பயன்பாடும். பையில் எப்போதும் ஒரு கட்டு கேள்விப் படிவம் இருக்கும். பஸ்ஸில் யாராவது அடையாள அட்டை மாட்டியிருந்தால் விடமாட்டார். “எந்தக் காலேஜிம்மா? ஈ-புக்கு படிப்பியா? ஜல்தி டிக் பண்ணிக் குடு, நா எறங்கணும்.”

காலைச் சுற்றுக்கும் அவரிடம் காரணம் உண்டு. என் பெயர் சொல்லித்தான் விளக்குவார். “அலமாரில இருக்கறது நம்ம புக்கு. இது வாடகை புக்கு, கலை. யாரும் தொறக்கலன்னா காலேஜுல புதுப்பிக்க மாட்டாங்க. ஒரே நாள்ல எட்டாயிரம் புக்கும் காணாமப் பூடும்.”

போன வாரம் ஆய்வுக்கான எண்களைத் தட்டச்சு செய்துகொடுக்க அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மின்நூல் நிறுவனம் அனுப்பிய வருடப் பட்டியலில் 2,611 திறப்புகள். ஆய்வேட்டில் அதை ‘மாணவர் ஆர்வம்’ என்று எழுதியிருந்தார். நேரத்தைப் பார்த்தேன். அதில் 2,420, காலை ஒன்பதுக்கும் ஒன்பது இருபதுக்கும் நடுவில்.

“அக்கா, காலங்காத்தால யாரு இவ்ளோ படிக்கிறது?”

“நாந்தான்,” என்று சிரித்தவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயையோ, என் ஆராய்ச்சில நானே பூந்துட்டனே!”

மீதி 191. அநேகமாக எல்லாமே ஒரே நுண்ணுயிரியல் புத்தகம், ஒரே மாணவி. பெயர் இளவரசி; கிளியனூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது கைபேசியில் படிப்பவள். எண்ணைத் திருத்தினால் கல்லூரி மின்நூலை நிறுத்திவிடும். அவளுக்குப் புத்தகம் போய்விடும். திருத்தாவிட்டால் ஆய்வேடு பொய்யாகிவிடும். அக்கா எழுந்து தண்ணீர் குடித்தார். வாசல்வரை போய் வந்து மறுபடி குடித்தார். “பேஜாரா பூட்ச்சி.”

இளவரசியின் படிவத்தைத் தேடினோம். ‘செல்லாதவை’ என்று அக்கா கட்டி வைத்திருந்த கட்டுக்குள் கிடைத்தது. ‘மின்நூல் அறையைப் பயன்படுத்தாததற்குக் காரணம்?’ என்ற கேள்விக்கு ஐந்து விடைகள் அச்சிட்டிருந்தார்: ஆர்வமில்லை, நேரமில்லை, கண்வலி, இப்படி. அவள் எதையும் டிக் செய்யவில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘பூட்டியே இருக்கு மேடம்.’ அதே கட்டுக்குள் அதே பதில் இன்னும் முப்பது.

செவ்வாய்க்கிழமை அவரோடு திண்டிவனம் போனேன். முந்தின நாள் திருத்திய எண்ணோடு கல்லூரி முதல்வர் அப்பாதுரையின் அறைக்குப் போனபோது நடந்ததை ரயில் கதவோரம் நின்றபடி நடித்துக் காட்டினார்.

“‘என்ன மேடம், ரெண்டாயிரத்துச் சொச்சம்னு சொன்னீங்க, நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க?’ன்னாரு. ‘அது நா தொறந்தது சார், புள்ளைங்க தொறந்தது இதான்’னேன். ‘அத்தனையும் நீங்க படிச்சீங்களா?’ன்னாரு. ‘ஒரு வரி கூட இல்ல சார்.’”

“அப்புறம்?”

“டிசம்பர் வரைக்கும் பாக்கறாராம். அப்பவும் இதே நம்பர்னா நிறுத்திடுவாராம்.”

அன்று அக்கா எந்தக் கணினியையும் தொடவில்லை. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு நூலகத்துக்குள் நடந்துகொண்டே இருந்தார். ஒன்பது இருபதுக்கு, பழக்கத்தில், கை கதவுக்குப் போய்விட்டது. தாழ்ப்பாளில் தொங்கிய பூட்டைக் கழற்றினார். மேசைமேல் வைத்தார், எடுத்தார். ஜன்னலில் வைத்தார், எடுத்தார். கடைசியில் சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிபன் பாக்ஸின் மேல் பூட்டைப் போட்டு ஜிப்பை இழுத்தார்.