மாமாவைக் கிள்ளும் வேலை

எங்கள் மாமாவுக்கு இரண்டு வரன்கள் தட்டிப்போனதற்கு ஜாதகம் காரணமில்லை, சம்பளம் காரணமில்லை. வாய்தான் காரணம். அம்மாவின் தம்பி அவர். தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் ஒரு தடிமனான அகராதியைப் புரட்டி, எந்த ஆங்கிலச் சொல் எங்கே பிறந்தது, முன்பு என்ன அர்த்தத்தில் திரிந்தது என்று மண்டையில் ஏற்றிவைத்திருந்தார். ஏற்றினது உள்ளேயே கிடந்தால் பரவாயில்லை. யாராவது பேச்சுவாக்கில் ஒரு இங்கிலீஷ் வார்த்தையை விட்டால் போதும், அதன் பூர்வீகத்தைச் சொல்லாமல் அவருக்கு மூச்சு முட்டும். முதலில் பார்த்த இடத்தில் பெண்ணின் அண்ணன் சாலரி எவ்வளவு என்று கேட்டார். மாமா தொகையைச் சொல்லவே இல்லை. அந்தச் சொல் உப்பிலிருந்து வந்த கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாவது இடமும் ஏறக்குறைய அப்படித்தான் போனது.

மூன்றாவது வரன் பல்லாவரத்தில். கிளம்பும்போதே அம்மா பத்ரகாளியாக நின்றாள். "இங்கயும் வாயைத் தொறந்தே, அக்கான்னு சொல்லிக்கிட்டு என் வீட்டுப் படி ஏறாதே" என்றாள். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. மாமாவை ஒட்டி உட்கார வேண்டும். அவர் வாய் திறக்கப் பார்த்தால் தொடையில் கிள்ள வேண்டும். அடேயப்பா, எனக்கு என்ன பெருமை! ரயிலிலேயே இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டேன்.

பெண்ணின் அப்பா பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். "முப்பது வருஷம் சர்வீஸ், கடைசியில மேனேஜர்" என்றார். மாமாவின் தொண்டை ஏறி இறங்கியது. நறுக்கென்று கிள்ளினேன். தண்ணீர் குடித்தார். சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொன்னார்கள். சோபா அரபு நாட்டுச் சொல் என்று எங்கள் வீட்டில் பூனைக்கும் தெரியும். கிள்ளினேன். கைக்குட்டையைக் கசக்கினார், கால் ஆட்டினார், மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சபாஷ் சொன்னாள்.

காபித் தட்டோடு வந்த அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. பஜ்ஜிக்கு வெங்காயம் நறுக்கியிருப்பாள் என்று நினைத்தேன். பெரியவர்கள், "ரெண்டு பேரும் தனியா பேசிட்டு வரட்டும்" என்று பால்கனிக்கு அனுப்பினார்கள். துணைக்கு நான். அந்த அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டாள். மடமடவென்று பேசினாள். எனக்குப் புரிந்ததெல்லாம் ப்ளீஸ் மட்டும்தான். அதுவும் நாலைந்து தடவை. அந்தப் ப்ளீஸின் பூர்வீகத்தைக்கூட மாமா சொல்லவில்லை. நான் கிள்ளவே தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க, நான் பாத்துக்கறேன்" என்று தமிழில் சொன்னார்.

உள்ளே வந்தால் அம்மா முகமெல்லாம் பல். ஆவணியில் நல்ல நாள் எது என்கிற வரைக்கும் பேச்சு போயிருந்தது. பெண்ணின் அப்பா மாமாவின் முதுகில் தட்டி, "என் பொண்ணு ரொம்ப நைஸ் டைப். நான் சொன்னதுக்கு மறுபேச்சு பேசமாட்டா" என்றார்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பலமாகக் கிள்ளினேன். என் கையை மெதுவாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "சார், அந்தக் காலத்து இங்கிலீஷ்ல நைஸுன்னா அறிவில்லாதவங்கன்னு அர்த்தம். முட்டாளைத்தான் அப்படிச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க" என்றார்.

"என் பொண்ணை முட்டாள்ங்கறீங்களா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அம்மாகூட, "டேய், இல்லைன்னு சொல்லுடா" என்று பல்லைக் கடித்தாள். மாமாவோ, "அர்த்தம் அதுதான் சார்" என்றார். காபிகூட முடியவில்லை. "மரியாதையா எழுந்து போயிடுங்க" என்று வாசலைக் காட்டிவிட்டார் அந்த மனிதர். செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா நின்றிருந்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தரகர் எங்கள் பக்கம் வரவில்லை. பையனுக்கு மரை கழன்றுவிட்டது என்று பேச்சு பரவி, மாமாவுக்கு நாற்பது தாண்டியும் பெண் அமையவில்லை. அம்மா பல மாதம் அவரோடு பேசாமல் இருந்தாள்.

அன்றைக்குப் பல்லாவரம் பிளாட்பாரத்தில் அம்மா தூரமாகப் போய் நின்றுகொண்டாள். மாமா என் பக்கத்தில் தொடையைத் தடவிவிட்டபடி நின்றார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "உன்னாலதான் மாமா அந்த அக்கா அப்படி அழுதாங்க!" என்று கத்தினேன்.

"ஆமாடி, என்னாலதான்" என்றார். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. அதைப் பார்த்து எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. யாராவது திட்டினால்தான் பெரியவர்கள் அழுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த வயசு எனக்கு.