டின்னில் வரைந்த வாய்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அறையைப் பார்த்துக்கொண்டவர் மேல் எந்நேரமும் கந்தகம் மணக்கும். எழுத்தறியாதவர்களுக்காக டின்களில் படம் வரைந்து வைப்பார்: மூச்சைக் கெடுப்பதற்கு மூக்கு, தோலைச் சுடுவதற்குக் கை, உயிரை எடுப்பதற்கு வாய்.

ஒரு வெள்ளிக்கிழமை மருந்து வாங்கப் போனபோது அங்கே முருகன் படத்தடியில் ஒரு டின்னில் வெண்பொடி இருந்தது. திருநீறென்று பக்தியோடு நெற்றியில் இட்டு, மீதியை வாயில் போடப் போனேன். பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார்.

“ஐயோ, பாஷாணம்ங்க அது! டின்னுல வாய் போட்டிருக்கேனே, பாக்கலையா?”

“சாமிகிட்ட இருந்துச்சேங்க…”

“யாரும் தொடக் கூடாதுன்னுதானே சாமிய காவலுக்கு வச்சேன்! நீங்க என்னடான்னா சாப்பிடவே வந்துட்டீங்க!”

சிரித்துக்கொண்டே என் நெற்றியைக் கழுவிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த டின் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. படத்தடியில் ஒரு கிண்ணத்தில் நிஜத் திருநீறு. அதன்மேல் சிரிக்கிற வாய் வரைந்திருந்தார்.

என்னைக் காத்தவன் முருகன்தான். ஆனால் அன்று அவன் கையில் கந்தகம் மணத்தது.