வழியை அடைக்கச் சொன்ன ஜெபம்

போன வருடம் ஜூன் மாதம் என் மனம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியில் கம்பிச் சுருள் கட்டும் வேலை எனக்கு. கை வேலை செய்யும், நெஞ்சு எங்கோ ஓடும். சாப்பாட்டு நேரத்தில்கூட உட்கார முடியாமல் ஷெட்டுக்கும் கேட்டுக்கும் நடப்பேன். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதித் தருகிறேன்.

என் ஒரே மகள் பிரிசில்லாவுக்கு மொழியியலும் ஒப்பிலக்கியமும் எம்.ஏ. படிக்க ஹைதராபாத்தில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சேருவதாக உறுதி சொல்ல வேண்டும். பத்தாவதோடு நின்ற எனக்கு அந்தப் படிப்பின் பெயரே வாயில் நுழையவில்லை.

கூட வேலை செய்யும் வெங்கடேசு கேட்டார்: "மொழியப் படிக்கப் போவுதா? ஏன் நைனா, உன் பொண்ணுக்கு இன்னும் பேச வரலியா? ஊட்ல நீ வாயத் தொறந்தாத்தானே அது கத்துக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் குத்தியது. உண்மையிலேயே நான் மகளிடம் அதிகம் பேசியதில்லை. இவ்வளவு படித்துவிட்டால் என்னிடம் பேச அவளுக்கு என்ன இருக்கும்? அந்தப் பயம்தான் என்னைத் தின்றது. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வாசலில் ஒரு பெட்டி வைப்பார்கள். பெயர் போடாமல் விண்ணப்பம் எழுதிப் போடலாம். ஒருவர் ஒவ்வொரு சீட்டாக வாசித்து, அதில் உள்ளபடியே ஜெபிப்பார். சபை ஆமென் சொல்லும். கோழையைப் போல நான் எழுதிப் போட்டேன்: 'என் மகள் தூர ஊருக்குப் படிக்கப் போகாதபடி கர்த்தர் வழியை அடைக்க வேண்டும்.'

வழக்கமாக வாசிக்கும் சகோதரி அன்று ஆரணியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். பாஸ்டர் என் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்.

ஐந்தாவது சீட்டு என்னுடையது. பிரித்தாள். நிறுத்தினாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை மாற்றாமல் வாசித்தாள். "ஆண்டவரே, இந்த மகளோட வழியை அடைச்சிடுங்க" என்று கண்ணை மூடி என் மகளே கேட்டாள். சபை சத்தமாக ஆமென் சொன்னது. விவரம் தெரியாமல் என் மனைவி சாந்தியும் சொன்னாள். என் வாயில் மட்டும் ஆமென் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும், பிரிசில்லா தன் அம்மாவிடம், "நான் போவலம்மா" என்றாள். அவ்வளவுதான். அழவும் இல்லை.

கேட்டது கிடைத்துவிட்டது. சமாதானம் மட்டும் வரவில்லை. இரண்டு நாளும் முள்மேல் இருந்தேன். ஞாயிறு ஆராதனையில் முழங்காலில் நின்று, "பிதாவே, நான் கேட்டது தப்பு. அவளிடம் பேச என் வாயைத் திறந்துவிடும்" என்று அழுதேன்.

திங்கட்கிழமை மதியம் சாந்தி போன் செய்தாள். "இன்னாங்க, பிரிசி இன்டர்வியூக்குப் போயிகிது. உங்க சிப்காட்லதான், ஏதோ பார்ட்ஸ் கம்பெனியாம். இன்னா நடக்குது இந்த ஊட்ல?"

சூப்பர்வைசரிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. அன்று நேராகப் போய் அனுமதி கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு அனுப்பினார். மூன்று கம்பெனி வாசலில் தேடி, நாலாவதில் கண்டுபிடித்தேன். பெண்பிள்ளைகள் வரிசையில் வெயிலில் நின்றிருந்தாள்.

"பிரிசி, அந்தச் சீட்டு நான்தான் எழுதினேன்."

"தெரியும்பா."

"தெரிஞ்சுமா அப்படி ஜெபம் பண்ண?"

"சீட்ல இருக்கறதத்தானே பண்ணணும்? என் இஷ்டத்துக்கு மாத்தினா அது உன் ஜெபமா?"

வரிசையே எங்களைப் பார்த்தது. வேறு நாளாக இருந்தால் தலைகுனிந்து போயிருப்பேன். அன்று வாய் நிற்கவில்லை. "அவ்ளோ படிச்சிட்டு வந்தா என்கூட இன்னா பேசுவ? அந்த பயம்தாம்மா எனக்கு. வேற ஒண்ணும் இல்ல. நீ போ."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "அய்யோ அப்பா, இந்தப் பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்து பேசறோமே, அதப் பத்தித்தான் நான் படிக்கவே போறேன். உன்னத்தான் ஆயிரம் கேள்வி கேக்கணும். பதில் சொல்லுவியா?"

பின்னால் நின்ற பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, வரிசையில கீறியா, போறியா?"

"போறேன்" என்றாள் என் மகள்.

எதிரே டீக்கடை நிழலில் நின்று போனிலேயே உறுதி செய்தாள். மணி நாலரை.

இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் வரும். நான் பேசப் பேச அவள் பதிவு செய்துகொள்கிறாள். "இவருக்கா கூச்சம்?" என்று சாந்தி கிண்டல் செய்கிறாள். போன் ஐந்து நிமிடம் தாமதமானால் இன்னும் மனம் பதறத்தான் செய்கிறது. அதற்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

என்னைப் போலப் பயந்து பிள்ளைகளைப் பிடித்துவைத்திருக்கும் பெற்றோரே, அந்தப் பயத்தை மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். நாம் தப்பாகக் கேட்டாலும் அவர் நம்மைத் தள்ளிவிடுகிறவர் அல்ல. நான் கேட்டதைத் தராமல் என் மகளை எனக்குத் தந்தாரே, அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம்.