ரப்பருக்கு ஏது அறுவடைச் சாப்பாடு

லூபோக் சீனா என்ற மலாய்நாட்டு ஊர்ப் பக்கம் நான் பால்மரம் சீவிய ரப்பர் தோட்டத்துக்கு ஓர் இத்தாலியப் பாதிரியார் வந்துபோவார். செம்மண் நிறத்தில் தாடி. ஒரு நிமிடம் உட்கார மாட்டார். ஓர் அக்டோபர் காலையில், ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில், காய்ந்த ரப்பர் இலையைக் கசக்கி முகர்ந்தபடி குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"எங்க ஊர்ல இப்ப திராட்சை அறுத்து முடிச்சிருப்பாங்க. கடைசி வண்டி வந்ததும் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். தணல்ல சுட்ட செஸ்ட்நட் கொட்டை, புதுத் திராட்சை ரசம்..." என்றவர் சட்டென்று நின்றார். "உங்களுக்கு அறுவடை எப்ப முடியும்? அன்னிக்கு என்ன சமைப்பீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கும் சீவணும் சாமி. ரப்பருக்கு முடிவு ஏது?"

அவர் சிரிக்கவில்லை. "அப்ப எப்பதான் உக்காருவீங்க?"

கேட்டவரும் நின்றுகொண்டுதான் இருந்தார். கையில் பால் வாளியோடு நானும்.