ஆயிரத்து இருநூறு பங்குகளும் மகளின் கூரையும்

1994 மார்ச் 23, புதன்கிழமை, காலை பத்து இருபது. மேகம் இல்லை, கடற்காற்று இன்னும் எழும்பவில்லை. கல்முனைக் கடைத்தெருவில் மனைவியின் தம்பி நடத்திய கணினி வகுப்பில், இரண்டு கணினிகளுக்கு நடுவே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். இடப்பக்கத்துத் திரை என் பங்குகளை விற்கச் சொன்னது. வலப்பக்கத்துத் திரை வைத்திருக்கச் சொன்னது.

“என்ன மச்சான், ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி நடுவில இரிக்கீங்க? ஒருத்தி போ எண்டுறா, மத்தவ இரி எண்டுறா” என்றான் அவன்.

“நீ சிரிப்பாய். ஓடு வாங்கப் போறது நான்தானே.”

என்னிடம் இருந்தவை பீங்கான் கோப்பை செய்யும் ஒரு கம்பனியின் ஆயிரத்து இருநூறு பங்குகள். அன்றைய விலை, பங்கு ஒன்றுக்கு அறுபத்திரண்டு ரூபா. இளைய மகளின் வீட்டுக்குக் கூரை போட நான் வைத்திருந்த பணம் அவ்வளவுதான். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவார். அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவன் கட்டிக் கொடுக்க வேண்டும். சுவர்கள் எழும்பிவிட்டன. நிக்காஹ் ஜூன் மாதம். ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தை வங்கியில் போட்டால் வட்டி வரும், மார்க்கத்தில் அது ஆகாது. பங்கு என்றால் வியாபாரம் என்று எண்ணி வாங்கினேன். வாங்கிய பிறகு நாளொன்றுக்கு நாலரை மணித்தியாலத்துக்கு மேல் நான் தூங்கியதில்லை.

நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் குளத்து நீர்மட்டம் பதிந்தவன் நான். விலையின் பத்து நாள் சராசரி, முப்பது நாள் சராசரி என்றால் எனக்குப் புதிதல்ல. அதனால்தான் பங்கு விலை பார்க்கும் இரண்டு புரோகிராம்களையும் வைத்துப் பார்த்து, ஒரு கொப்பியில் எட்டுக் கேள்விகள் எழுதிப் புள்ளி போட்டேன். இடப்பக்கத்தது மச்சானுக்குக் கூட்டாளி ஒருவர் கொடுத்த பிரதி. கோடுகளை அழகாக வரையும். ஆனால் விலைகளை நாமே தட்ட வேண்டும். நாளேடு எங்களுக்கு ஒரு நாள் பிந்தித்தான் வரும். முப்பத்து நான்கு கம்பனிகளைத் தட்டி முடிக்க எனக்கு ஒரு மணி பத்து நிமிடம் போகும். வலப்பக்கத்தது கொழும்பில் ஒருவர் எழுதியது. மூவாயிரத்து எழுநூற்றைம்பது ரூபா கொடுத்து வாங்கினேன். கம்பனிகளின் பெயர்ப் பட்டியல் அதிலேயே இருந்தது. விலைகள் மட்டும் வாராவாரம் டிஸ்க்கில், சோதனைச் சாவடிகளைத் தாண்டி, பஸ்ஸில் வரும். சராசரிக்கு மேலே நிற்கும் பங்குகளை மட்டும் காட்டு என்றால் அரை நிமிடத்தில் பொறுக்கிக் காட்டும். எட்டில் ஐந்து புள்ளி அதற்குத்தான் விழுந்தது.

அன்று இரண்டும் முரண்பட்டபோது, பிழை என் கையில் இருக்கும் என்றே நினைத்தேன். கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. மூன்றை எட்டாகத் தட்டியிருப்பேன். கொழும்பிலிருந்து வரும் டிஸ்க்குக்குக் கண்ணில் புரை இல்லை. வலப்பக்கத்தது சொன்னபடி பங்குகளை விற்காமல் விட்டேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். “மகள்ர வாப்பா, வித்துப்போட்டு ஓட்ட வாங்குங்களன். மேசன் மூணு தரம் வந்துட்டுப் போயிட்டார்.”

“கொஞ்சம் பொறு. புரோகிராம் வெச்சிரிக்கச் செல்லுது.”

“அந்தப் புரோகிராமுக்கு வீட்டில கட்டிக்குடுக்கக் குமர் இரிக்கா?”

ஆனால் அன்று ஆறு மணித்தியாலம் தூங்கினேன்.

அடுத்த வாரம் நாளேடு ஐம்பத்தேழு என்றது. அதற்கடுத்த வாரம் ஐம்பத்தொன்று. வலப்பக்கத்துத் திரையில் பச்சைக் கோடு மேலே போய்க்கொண்டிருந்தது. வயலுக்குத் தண்ணீர் விட்டால் குளம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பிறகு ஏறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோட்டுக்குப் பின்னால் இருக்கும் விலையைப் பார்க்க இன்னொரு விசையை அழுத்த வேண்டும். வீட்டுப் படிகளைக்கூட எண்ணி ஏறும் நான் அதை அழுத்தவில்லை. நல்ல செய்தியை இரண்டாம் முறை விசாரிக்கப் பயமாக இருந்தது.

ஏப்ரல் 20 அன்று நாளேட்டில் விலை நாற்பத்து நான்கு. அந்த விசையை அழுத்தினேன். திரையில் நூற்றுப் பதினெட்டு என்று வந்தது. மச்சானைக் கூப்பிட்டேன். அவன் பெயர்ப் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்தான்.

“மச்சான், இதில வங்கி ஒண்டையும் காணல்லியே?”

“நான்தான் அழிச்சன். வாங்கின அண்டைக்கே. வங்கி, சாராயம், சிகரட், குடி விக்கிற ஹோட்டல், எல்லாமா ஒம்பது. ஹராமானத வாங்கு எண்டு அது காட்டினா நான் பாக்கவும் கூடாதே.”

“பேர அழிச்சீங்க. விலைய அழிச்சீங்களா?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெயர்கள் ஒரு கோப்பில், விலைகள் இன்னொன்றில். வரிசை எண்ணை வைத்துத்தான் புரோகிராம் இரண்டையும் சேர்க்கிறது. என் பீங்கான் கம்பனிக்கு மேலே இருந்த ஒன்பது பெயர்களை எடுத்ததும் அது ஒன்பது படி மேலேறி, ஏதோ ஒரு இறப்பர் கம்பனியின் விலைக்கு நேரே போய் நின்றிருக்கிறது. இறக்காமக் குளத்தின் உயரத்தைச் சாகாமக் குளத்துக்கு எழுதி, மதகைத் திறக்காதே என்று சொன்னது போல. முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளும் அப்படி எழுதியதில்லை.

“ஏன் மச்சான், எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிரிக்கலாமே?”

“மார்க்கத்துக் காரியம் எண்டு நெனச்சன். கம்ப்யூட்டர்க் காரியம் எண்டு நெனைக்கல்ல.”

அவன் அப்போது சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. தொலைபேசிக் கடைக்கு நடந்துபோய், இணைப்புக் கிடைக்க ஐம்பது நிமிடம் காத்திருந்து, கொழும்புத் தரகரிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்னேன். நாற்பத்து நான்குக்கே போயின.

ஜூன் மாதம் மாப்பிள்ளை வந்தபோது முன் மண்டபத்துக்கும் ஓர் அறைக்கும் ஓடு இருந்தது. பின் அறைக்கும் சமைக்கிற குசினிக்கும் தென்னங்கிடுகுதான் வேய்ந்திருந்தோம். மனைவி என்னைப் பார்த்துவிட்டுக் கிடுகைப் பார்த்தாள்.

பங்கு ஒன்றுக்குப் பதினெட்டு ரூபாப்படி நட்டம் இருபத்தோராயிரத்து அறுநூறு. புரோகிராமுக்கு மூவாயிரத்து எழுநூற்றைம்பது. தரகருக்கு எடுத்த ஏழு தொலைபேசி அழைப்புகளுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. மொத்தம் இருபத்தையாயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்து ரூபா.